வண்டிக்கும் அளவு உண்டு

1. கிட்வாய் நகரில் ஒரு வீடு

புது தில்லியின் தென் பகுதியில் கிட்வாய் நகர் இருக்கிறது. ரஃபி அகமது கிட்வாய் என்ற விடுதலைப் போராட்ட வீரரின் பெயரை இந்த நகருக்கு வைத்தார்கள். நாடு விடுதலை பெற்றதும் அவர் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் ஆனார். பிறகு உணவு அமைச்சராகவும் இருந்தார். 1954-ஆம் ஆண்டு காலமானார்.

அரசு ஊழியர்கள் குடியிருக்க இந்த நகரைக் கட்டினார்கள். அருகில் ஐ.என்.ஏ. சந்தை இருக்கிறது. அங்கே முருங்கைக்காய் கிடைக்கும். கறிவேப்பிலையும் கிடைக்கும். கொஞ்ச தூரத்தில் எய்ம்ஸ் மருத்துவமனை. பக்கத்து லட்சுமிபாய் நகரில் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் இந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தின் கதை இது.

அப்பா அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறார். மகனுக்கு 24 வயது. சந்தையில் ஒரு கடையில் வேலை செய்கிறான்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் படிப்பு இல்லை. ஆனால் கைத்தொழில் தெரியும். முன்பெல்லாம் அவர் நூலில்தான் அளவெடுப்பார். ஒரு ஆளுக்கு ஒரு நூல். தோளுக்கு ஒரு முடிச்சு. இடுப்புக்கு ஒரு முடிச்சு. ஒரு தடவை இரண்டு பேருடைய நூல் மாறிப்போனது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை பாழானது. துணிக்கு உண்டான பணத்தை அம்மாதான் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் எழுத்துக் கூட்டத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 40 வயது. எழுத்துக் கற்றார். எண்ணும் கற்றார். இப்போது அவரிடம் இஞ்சு டேப் இருக்கிறது. ஒரு நோட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். பெயர், தேதி, அளவு எல்லாம் அதில் இருக்கும்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் ஆளுக்கு உரியது அல்ல. அது ஒரு வண்டிக்கு உரியது. அந்தப் பக்கம் எப்படி வந்தது?

2. மகன் விழுந்தான்

மகன் இரண்டு வருடம் பணம் சேர்த்தான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். அது சாதாரண வண்டி அல்ல. மண் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓட்டும் வண்டி. ‘டர்ட் பைக்’ என்று சொல்வார்கள். அது உயரமாக இருக்கும். முன் சக்கரம் பெரியது. டயரில் கட்டை கட்டையாகப் பல் இருக்கும். முன்னால் உள்ள ஷாக்கர் நீளமாக இருக்கும்.

அடுத்த ஜூலையில் லடாக் போக வேண்டும். இது மகனுடைய ஆசை. நண்பர்கள் நான்கு பேரும் தயார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் யமுனைக் கரைப் பக்கம் போனான். அங்கே மண்ணும் கல்லும் கலந்த பாதை. வேகம் அதிகம் இல்லை. ஆனாலும் கைப்பிடி உதறியது. முன் சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கவில்லை. துள்ளித் துள்ளிப் போனது. ஒரு வளைவில் சக்கரம் வழுக்கியது. மகன் விழுந்தான்.

தலையில் ஹெல்மெட் இருந்தது. அதனால் தலைக்கு ஒன்றும் இல்லை. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள்.

அம்மாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

“இந்த வண்டி வேண்டாம். விற்றுவிடு. தில்லி ரோட்டிலேயே விழுகிறாய். லடாக்கில் உன்னை யார் தூக்குவார்கள்?” என்றார்.

மகன் பேசவில்லை. வண்டி மூலையில் நின்றது.

3. மாமா வந்தார்

நான்கு வாரம் கழித்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ஊர் வேலூர். ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்தவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

காப்பி குடித்ததும் மாமா வண்டியைப் பார்த்தார். முன் பிரேக்கைப் பிடித்தார். கைப்பிடியை அழுத்தினார். முன்பக்கம் கொஞ்சம்தான் இறங்கியது. உடனே மேலே வந்தது.

“மாப்ளே, இதை யாரிடம் வாங்கினாய்?”

“கரோல் பாக் பக்கம் ஒருவரிடம் வாங்கினேன் மாமா. பெரிய ஆள். 95 கிலோ இருப்பார்.”

“நீ எத்தனை கிலோ?”

“58.”

மாமா சிரித்தார். தங்கையைப் பார்த்தார்.

“ஏம்மா, எதிர்வீட்டு அம்மாவுக்குத் தைத்த ரவிக்கையை நீ போட்டுக்கொள்வாயா?”

“அது எப்படி அண்ணே? அவங்க உடம்பு வேறே. என் உடம்பு வேறே.”

“இந்த வண்டியும் அப்படித்தான். இன்னொருவர் உடம்புக்குத் தைத்த சட்டை இது. உன் மகன் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான்.”

அம்மா தையலை நிறுத்தினார். “வண்டிக்கும் அளவு உண்டா?” என்று கேட்டார்.

“உண்டு. நீயே எடுக்கலாம். உன் டேப் போதும்” என்றார் மாமா.

4. ஷாக்கர் என்ன வேலை செய்கிறது?

முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. இதை ஃபோர்க் என்பார்கள். தில்லி மெக்கானிக்குகள் பேச்சில் இது ‘ஷாக்கர்’.

ஒவ்வொரு குழாயும் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று போய் வரும். உள்ளே ஒரு நீளமான ஸ்பிரிங் இருக்கிறது. ஆயிலும் இருக்கிறது. ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆயில், ஸ்பிரிங் துள்ளாமல் அடக்கி வைக்கும்.

பழைய பேப்பர் வாங்குகிறவரின் தராசைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளும் ஸ்பிரிங்தான். 2 கிலோ தொங்கவிட்டால் கொஞ்சம் இழுபடும். 4 கிலோ தொங்கவிட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு இழுபடும். எடை கூடினால் அளவும் கூடும். வண்டியில் ஸ்பிரிங் இழுபடுவதில்லை. அமுங்குகிறது. கணக்கு ஒன்றே.

ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் இறங்கும். இந்த இறக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘சாக்’ என்று பெயர். நாம் ‘இறக்கம்’ என்றே சொல்வோம்.

“இறங்கக் கூடாது என்றுதானே ஸ்பிரிங் வைக்கிறார்கள்?” என்று மகன் கேட்டான்.

“இல்லை மாப்ளே. கொஞ்சம் இறங்கியே ஆக வேண்டும். ஏன் தெரியுமா? பாதையில் மேடு மட்டுமா இருக்கிறது? பள்ளமும் இருக்கிறது. மேடு வந்தால் சக்கரம் மேலே போக வேண்டும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே போய்த் தரையைத் தொட வேண்டும். ஸ்பிரிங் ஏற்கெனவே முழுசாக நீண்டு நின்றால், கீழே போக இடம் ஏது?”

மகனுக்கு அப்போது புரிந்தது. அவன் எடைக்கு முன்பக்கம் சரியாக இறங்கவில்லை. பள்ளம் வந்தபோது சக்கரம் தரையைத் தொடவில்லை. தரையைத் தொடாத சக்கரம் திரும்பாது. பிரேக் பிடித்தாலும் நிற்காது.

“அப்படியானால் நிறைய இறங்கட்டும்” என்றார் அம்மா.

“அதுவும் தப்பு. நிறைய இறங்கினால் மேட்டுக்கு இடம் இருக்காது. பெரிய கல்லில் ஏறினால் ஷாக்கர் அடிமட்டம் வரை போய் ‘டக்’ என்று இடிக்கும். பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். ரவிக்கை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொள என்றும் இருக்கக் கூடாது. சரிதானே?”

“சரிதான்” என்றார் அம்மா.

5. எவ்வளவு இறங்க வேண்டும்?

ஷாக்கர் முழுதாக நீண்ட நிலை ஒன்று. முழுதாக அமுங்கிய நிலை ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ‘ஓட்டம்’ என்று பெயர்.

ஊரில் ஓட்டும் சாதாரண மோட்டார் சைக்கிளில் முன் ஓட்டம் குறைவு. மண் பாதை வண்டியில் அதிகம். உதாரணமாக, 2022-ஆம் ஆண்டு ஹீரோ நிறுவனம் எக்ஸ்பல்ஸ் 200 வண்டியில் ராலி வகை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முன் ஓட்டம் 250 மில்லிமீட்டர். அதாவது 25 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு முழத்தில் பாதிக்கு மேல்.

மண் பாதை வண்டியில் ஆள் ஏறியதும் முன்பக்கம் ஏறத்தாழ கால் பங்கு இறங்க வேண்டும். இது பொதுக் கணக்கு. வண்டியோடு வரும் புத்தகத்தில் சரியான அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

மகனின் வண்டிக்கு முன் ஓட்டம் 200 மில்லிமீட்டர்.

“200-ல் கால் பங்கு எவ்வளவு?” என்று மாமா கேட்டார்.

அம்மா மனக்கணக்காகச் சொன்னார். “பாதி 100. அதில் பாதி 50.”

“அதுதான் நமக்கு வேண்டிய அளவு. 50 மில்லிமீட்டர்.”

அம்மா நோட்டில் புதுப் பக்கம் எடுத்தார். மேலே ‘வண்டி’ என்று எழுதினார். அதன் கீழே தேதி போட்டார். அதன் கீழே ‘வேண்டியது 50’ என்று எழுதினார்.

6. அளவெடுத்தல்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் சமமான சிமென்ட் தரை. அப்பாவும் வந்தார். பின் சக்கரத்தின் ஷாக்கரை முதல் நாளே மாமா சரிபார்த்திருந்தார். பின்பக்கம் பார்த்த பிறகுதான் முன்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கமும் மாறும்.

மாமா முதலில் சில சோதனைகள் செய்தார். டயரில் காற்று சரியாக இருக்கிறதா? ஷாக்கர் குழாயில் ஆயில் கசிகிறதா? குழாயில் மண் ஒட்டியிருக்கிறதா? துணியால் துடைத்தார். கசிவு இல்லை. கசிவு இருந்தால் அளவெடுத்துப் பயன் இல்லை. முதலில் ஆயில் சீல் மாற்ற வேண்டும்.

எங்கே அளப்பது? மேலே பளபளக்கும் குழாய் இருக்கிறது. கீழே தடித்த குழாய் இருக்கிறது. தடித்த குழாயின் வாயில் ஒரு ரப்பர் வளையம் தெரியும். அந்த வளையத்திலிருந்து, மேலே குழாயைக் கவ்வியிருக்கும் பிடி வரை அளக்க வேண்டும். அதாவது வெளியே தெரியும் பளபளப்பான குழாயின் நீளம். சில வண்டிகளில் பளபளக்கும் குழாய் கீழே இருக்கும். அங்கேயும் அந்தக் குழாயின் நீளத்தைத்தான் அளக்க வேண்டும்.

“பழைய டேப் வேண்டாம் அண்ணே. துணி டேப் நாளாக ஆக நீண்டுவிடும். புதுசு எடுத்து வருகிறேன்” என்றார் அம்மா.

“அது எனக்குத் தோன்றவில்லையே!” என்றார் மாமா.

முதல் அளவு: சக்கரம் தரையைத் தொடாமல்.

என்ஜினுக்கு அடியில் உறுதியான மரப்பெட்டி வைத்தார்கள். அப்பாவும் மகனும் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். முன் சக்கரம் தொங்கியது. ஷாக்கர் முழுதாக நீண்டது. அம்மா அளந்தார்.

“25 சென்டி.”

“மில்லிமீட்டரில் சொல்லு.”

“ஒரு சென்டிக்குப் பத்துக் கோடு. 250.”

இரண்டாவது அளவு: வண்டி மட்டும்.

பெட்டியை எடுத்தார்கள். வண்டி தன் எடையில் நின்றது. ஆள் ஏறவில்லை. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குழாயும் ரப்பரும் உரசுவதால் ஷாக்கர் ஒரே இடத்தில் நிற்காது. கீழே அழுத்திவிட்டால் சற்றுத் தாழ்ந்து நிற்கும். மேலே தூக்கிவிட்டால் சற்று உயர்ந்து நிற்கும். அதனால் இரண்டு தடவை அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

அழுத்தி மெல்ல விட்டபோது 237. தூக்கி மெல்ல விட்டபோது 245. கூட்டினால் 482. பாதி 241.

250-லிருந்து 241-ஐக் கழித்தால் 9. வண்டி தன் எடைக்கு இறங்கியது வெறும் 9 மில்லிமீட்டர்.

மூன்றாவது அளவு: ஆள் ஏறிய பிறகு.

மகன் ஹெல்மெட் போட்டான். பூட்ஸ், கையுறை, ஜாக்கெட் எல்லாம் போட்டான். பயணத்தில் போடும் எல்லாவற்றையும் போட வேண்டும். அவற்றுக்கும் எடை உண்டு. இரண்டு காலையும் தரையில் வைக்கக் கூடாது. மிதியில் வைக்க வேண்டும். அப்பா பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டார். மாமா முன்பக்கத்தை அழுத்தினார், விட்டார். அம்மா அளந்தார். மாமா தூக்கினார், விட்டார். அம்மா மறுபடி அளந்தார்.

அழுத்தி விட்டபோது 212. தூக்கி விட்டபோது 220. கூட்டினால் 432. பாதி 216.

250-லிருந்து 216-ஐக் கழித்தால் 34.

அம்மா நோட்டைப் பார்த்தார். “50 வேண்டும். 34-தான் இருக்கிறது. 16 குறைகிறது” என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அப்பா பல வருடம் அலுவலகத்தில் கோப்புத் தூக்கியவர். “கழித்தல் கணக்கு என்னைவிட வேகமாக வருகிறதே!” என்றார்.

“மார்பளவில் தையலுக்கு விடும் துணியைத் தினமும் கழிக்கிறேனே. அதே கணக்குத்தான்” என்றார் அம்மா.

7. திருகுதல்

இந்த வண்டியில் ஒவ்வொரு குழாயின் உச்சியிலும் ஒரு திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் இறுகும். வண்டி உயரும். இடப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் தளரும். வண்டி இறங்கும்.

“95 கிலோ ஆளுக்காக இதை நன்றாக இறுக்கியிருக்கிறார்கள். அவருக்கு அது சரி. அவர் மேல் தப்பு இல்லை. வாங்கியதும் நாம் அளந்திருக்க வேண்டும்” என்றார் மாமா.

முதலில் திருகு எங்கே இருக்கிறது என்று எண்ணினார். முழுக்கத் தளர்த்திக்கொண்டே எண்ணினார். 17 சுற்று. பிறகு அதே 17 சுற்றைத் திரும்ப இறுக்கினார். அம்மா ‘பழைய இடம் 17’ என்று எழுதினார். ஏன்? புது அளவு பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்குத் திரும்ப வழி வேண்டும்.

இந்த வண்டியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மாறும். எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது.

மாமா இரண்டு பக்கமும் 10 சுற்றுத் தளர்த்தினார். இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு இருக்க வேண்டும். மகன் ஏறினான். அம்மா அளந்தார். 202, 210. பாதி 206. இறக்கம் 44.

இன்னும் 5 சுற்றுத் தளர்த்தினார். 197, 205. பாதி 201. இறக்கம் 49.

“இன்னும் 1 வேண்டும் மாமா” என்றான் மகன்.

“ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை வேண்டாம். போதும்.”

கடைசியாக மகன் இறங்கினான். வண்டியை மட்டும் நிறுத்தி அளந்தார்கள். 222, 230. பாதி 226. இறக்கம் 24.

இதை ஏன் அளந்தார்கள்? ஆள் ஏறிய அளவு சரியாக இருந்தாலும், வண்டி மட்டும் நிற்கும் அளவும் சரியாக இருக்க வேண்டும். ஆள் ஏறாமலே வண்டி மிக அதிகமாக இறங்கினால், அந்த ஆளுக்கு ஸ்பிரிங் தடிமன் என்று பொருள். வண்டி தன் எடைக்கு இறங்கவே இல்லை என்றால், ஸ்பிரிங் மெலிவு என்று பொருள். அப்போது திருகிப் பயன் இல்லை. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். இங்கே 24 வந்தது. இந்த வண்டிக்கு அது சரிதான்.

“திருகில் மிச்சம் 2 சுற்றுத்தான் இருக்கிறது. உன்னைவிட ஒல்லியான ஆள் ஓட்டினால் வேறு ஸ்பிரிங் போட வேண்டும். நீ இன்னும் கொஞ்சம் சாப்பிடு” என்றார் மாமா.

8. ஒரு பிளாஸ்டிக் நாடா

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

மாமா முதல் நாளே ஒரு காரியம் செய்திருந்தார். பளபளக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டினார். வயர்களைச் சேர்த்துக் கட்டும் நாடா அது. ரப்பர் வளையத்தோடு ஒட்டித் தள்ளிவைத்தார். வண்டி மேடு பள்ளத்தில் போகும்போது வளையம் நாடாவை மேலே தள்ளும். நாடா நின்ற இடம், ஷாக்கர் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும்.

முதல் நாள் மாமாவின் நண்பர் ஒருவர் வண்டியை ஓட்டினார். அவரும் மகனைப் போல ஒல்லியானவர். குண்டும் குழியுமான ஒரு பாதையில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்தார். ஷாக்கர் அமுங்கியது 80 மில்லிமீட்டர். 200 இருந்தும் 80-தான் வேலை செய்தது.

இப்போது அதே ஆள், அதே பாதை, அதே வேகம். திரும்பி வந்ததும் அம்மா அளந்தார். 140.

“எப்படி இருந்தது?” என்று மகன் கேட்டான்.

“நேற்று வண்டி என்னை அடித்தது. இன்று குழியை அடித்தது” என்றார் அவர்.

9. அம்மா என்ன சொன்னார்?

அன்று இரவு மகன் லடாக் பேச்சை எடுத்தான்.

தில்லியிலிருந்து மணாலி வழியாக லே நகருக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். வழியில் உயரமான கணவாய்கள் பல. லே நகருக்கு அப்பால் இருக்கும் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலான உயரம். அங்கே காற்று லேசு. மூச்சு வாங்கும். தலை வலிக்கும். பாதையை வெட்டி ஓடைகள் ஓடும். பனி உருகி வரும் தண்ணீர் அது. காலையில் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். மாமா ராணுவத்தில் இருந்தபோது அந்தப் பாதையில் போயிருக்கிறார்.

“அண்ணே, வண்டியை அளந்துவிட்டோம். இனி விழமாட்டானா?” என்று அம்மா கேட்டார்.

மாமா உடனே பதில் சொல்லவில்லை.

“அளந்த வண்டியும் விழும். அளக்காத வண்டி சீக்கிரம் விழும். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்” என்றார்.

பொய் சொல்லாத பதில் அது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. அவர் மகனைப் பார்த்தார்.

“ஜூலை வேண்டாம். உன் கை இன்னும் முழுசாக ஆறவில்லை. டாக்டர் சரி என்று சொல்லட்டும். செப்டம்பரில் போ. பை எல்லாம் கட்டிய பிறகு நான் ஒரு தடவை அளப்பேன். அளவு சரியாக இருந்தால் போகலாம்.”

ஜூலையில் நண்பர்கள் கிளம்பிப் போனார்கள். மகனுக்கு வருத்தம்தான். ஆனாலும் பொறுத்துக்கொண்டான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மண் பாதையில் மெதுவாகப் பழகினான். முன்போல் கைப்பிடி உதறவில்லை.

செப்டம்பர் வந்தது. டாக்டர் சரி என்றார். மகன் வண்டியின் பின்னால் இரண்டு பை கட்டினான். அம்மா டேப்போடு வந்தார்.

பின்பக்கம் அமுங்கியது. முன்பக்கம் சற்று எழுந்தது. முன் இறக்கம் 43 என்று காட்டியது.

“இன்னும் போக முடியாது” என்றார் அம்மா.

மகன் பின் ஷாக்கரை இறுக்கினான். கனமான கருவிப் பையைப் பின்னாலிருந்து எடுத்து டேங்குக்கு அருகில் முன்னால் கட்டினான். அம்மா மறுபடி அளந்தார். 48.

அம்மா நோட்டில் எழுதினார். பிறகு அந்தப் பக்கத்தை இன்னொரு தாளில் பார்த்து எழுதினார். நான்காக மடித்தார். மகனின் சட்டைப் பையில் வைத்தார்.

“வழியில் எந்த மெக்கானிக் தொட்டாலும் இதைக் காட்டு. அவர் அளவுக்கு மாற்றிவிடப் போகிறார்.”

10. நோட்டில் இருந்த பக்கம்

வண்டி
ஓட்டுபவர் எடை: 58 கிலோ
முன் ஓட்டம்: 200
வேண்டிய இறக்கம்: 50
சக்கரம் தொங்கும்போது: 250
பழைய இறக்கம்: 34 (திருகு 17)
புது இறக்கம்: 49 (திருகு 2)
வண்டி மட்டும்: 24
பையோடு: 48

11. தெரிந்துகொள்ளுங்கள்

குழாய்க்குள் ஸ்பிரிங்கும் ஆயிலும் வைத்த ஷாக்கரை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935-ஆம் ஆண்டு தன் மோட்டார் சைக்கிளில் பொருத்தியது. இன்று நம் தெருவில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இந்த வகைதான் இருக்கிறது.

எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங் நீளும் என்ற விதியை 17-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக்.

டாக்கர் ராலி என்பது உலகின் கடினமான வண்டிப் பந்தயங்களில் ஒன்று. பாலைவனத்திலும் மலையிலும் பல நாள் நடக்கும். 2015-ஆம் ஆண்டு பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் அதை ஓட்டி முடித்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவர். 2024-ஆம் ஆண்டு கேரளத்தின் ஹரித் நோவா அதே பந்தயத்தில் ‘ராலி 2’ என்ற பிரிவில் முதலிடம் பெற்றார்.

பெண்களும் ஓட்டுகிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ஆம் ஆண்டு பாகா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் வென்றார்.

இவர்கள் எல்லோருக்கும் வண்டி ஓட்டுவது ஒரு வேலை. வண்டியைத் தங்கள் எடைக்கு அளந்து வைப்பதும் அந்த வேலையில் ஒரு பங்கு.

12. கவனம்

எல்லா மோட்டார் சைக்கிளிலும் முன் திருகு இருக்காது. இல்லாத வண்டியில் மெக்கானிக் ஸ்பிரிங்கையோ, அதன் மேல் வைக்கும் துண்டுக் குழாயையோ மாற்றுவார். ஷாக்கரின் மேல் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். மூடி எகிறி முகத்தில் அடிக்கும்.

தனியாக அளக்காதீர்கள். வண்டியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை உடனே எழுதி வையுங்கள்.

13. செய்து பாருங்கள்

1. ஒரு வண்டியின் முன் ஓட்டம் 180 மில்லிமீட்டர். அதில் கால் பங்கு எவ்வளவு?

2. சக்கரம் தொங்கும்போது 260. ஆள் ஏறிய பிறகு ஒரு தடவை 211, இன்னொரு தடவை 219. இரண்டின் பாதி எவ்வளவு? இறக்கம் எவ்வளவு?

3. மேலே உள்ள வண்டியில் இறக்கம் சரியாக இருக்கிறதா?

4. பழைய இடம் 17 என்று அம்மா ஏன் எழுதி வைத்தார்?

5. உங்கள் வீட்டில் இன்னொருவர் அளவுக்குச் செய்த பொருள் ஏதாவது இருக்கிறதா? தையல் மெஷின் நாற்காலியா? சைக்கிள் சீட்டா? உங்கள் உயரத்துக்கு அது சரியா? அளந்து எழுதுங்கள்.

விடை: 1. 45 மில்லிமீட்டர். 2. பாதி 215, இறக்கம் 45. 3. சரி.